சார் பொண்ணு

அத்தியாயம் 11

காலை ஐந்தரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அடித்த விரல் பொத்தானை விட்டு எழவில்லை.

எப்சி விழித்துத்தான் இருந்தாள். இன்று அப்பாவின் முப்பதாம் நாள். எட்டரைக்குத் தேவாலயத்தில் பூசை, அதன் பிறகு பங்கு மண்டபத்தில் நினைவுக் கூட்டம், பிறகு சாப்பாடு. எல்லாம் முடிந்து வீடு அடங்கியதும் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வாரமாக இந்த நாளுக்காகக் காத்திருந்தாள்.

சொல்ல வேண்டியது இதுதான். அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. விசா முத்திரையோடு பாஸ்போர்ட் வந்துவிட்டது. வேலூரில் எட்டு வருஷம் வேலை பார்த்த மருத்துவமனையில் ராஜினாமா கொடுத்தாயிற்று. இன்னும் பதினேழு நாளில் சென்னையிலிருந்து விமானம்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். விண்ணப்பத்தை அவர்தான் வரி வரியாகச் சரிபார்த்தார். "அம்மாகிட்ட நான் பக்குவமா சொல்றேன், நீ பேசாம இரு" என்றார். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டு, சொல்லாமலே போய்விட்டார்.

"எப்சி, பெல்லு" என்று உள்ளறையிலிருந்து, தெருவே டீச்சர் என்று கூப்பிடும் அம்மா ஆக்னஸின் குரல் வந்தது.

வாசலில் கடைசித் தெரு பூவம்மாள் நின்றிருந்தாள். ஷூ கம்பெனி சீருடைக் கோட்டை நைட்டி மேலேயே மாட்டியிருந்தாள்.

"எப்சிமா, மொத தெருவுல மோட்டார் ஓடுது. எங்க பக்கம் காத்துதான் வருது. சீக்கிரம் வாம்மா, ஏழு மணிக்கு எனக்கு வேன் வந்துடும்."

எப்சி கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த, தண்ணீர் வால்வைத் திறக்கும் நீளமான இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

ஆம்பூரின் அந்த ஓரத்தில் நகராட்சித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் வரும். போர்வெல் தண்ணீரை யாரும் வாயில் வைப்பதில்லை; பக்கெட்டில் பிடித்து வைத்தால் மறுநாள் மஞ்சளாக ஏடு கட்டிவிடும். முதல் தெரு, நடுத் தெரு, கடைசித் தெரு என்று மூன்று தெருவுக்கும் ஒரே குழாய். அப்பா கிறிஸ்துராஜ் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று வந்தபோது, முதல் தெரு மோட்டார் போட்டு உறிஞ்சியது போக, கடைசித் தெருவுக்கு ஆளுக்கு ஒரு குடம் கிடைத்தால் பெரிது.

அவர் நகராட்சிக்கு நடையாய் நடந்து மூன்று வால்வுகள் போட வைத்தார். தெருவுக்கு நாற்பது நிமிஷம். மோட்டார் கூடாது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவரே திறந்தார், அவரே மூடினார். பதினோரு வருஷம் அது நடந்தது. அவர் யார் பக்கமும் சாய மாட்டார் என்று மூன்று தெருவும் நம்பியதால் நடந்தது.

அவர் போன முதல் வாரமே மோட்டார்கள் ஓடத் தொடங்கின. இரண்டாம் வாரம் குடத்தால் அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம், நலச் சங்கத் தலைவர் ஷபீ அஹமது இந்தச் சாவியைக் கொண்டுவந்து எப்சியின் கையில் வைத்து, "கொஞ்ச நாளைக்கு மட்டும்மா" என்றார்.

முதல் தெருவில் ஷபீ அஹமதுவின் மகன் சத்தாரின் வீட்டில்தான் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் பூவம்மாளோடு இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். சத்தார் பனியனோடு வெளியே வந்து, "எங்க வீட்டு மோட்டாருக்கு உங்களுக்கு இன்னா?" என்று கத்தினான்.

"சத்தாரண்ணா, ஆஃப் பண்ணுங்க" என்றாள் எப்சி.

அவன் அவளைப் பார்த்தான். கோபம் முகத்திலிருந்து அப்படியே வழிந்து இறங்கிவிட்டது. "நீ சொன்னா சரி. சார் பொண்ணு பேச்சைத் தட்ட முடியுமா?" என்று உள்ளே போய் நிறுத்தினான்.

நாற்பது வயது ஆட்களெல்லாம் இப்படித் தனக்கு அடங்கிப் போவதில் எப்சிக்கு மூச்சு முட்டியது. கத்தினால்கூடப் பதிலுக்குக் கத்திவிட்டுப் போய்விடலாம். அடங்கிப் போகிறவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது?

முதல் தெரு வால்வை மூடி, கடைசித் தெரு வால்வைத் திறந்துவிட்டு நாற்பது நிமிஷம் அங்கேயே நின்றாள். பூவம்மாள் நாலு குடம் பிடித்து வைத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டே வந்தாள்.

"கூட்டத்துக்கு வர ஆசதான். ஆர்டர் அவசரம்னு லீவு தர மாட்டேன்னுட்டாங்க. சாருக்கு இங்கயிருந்தே கும்பிட்டுக்கிறேன். என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு தண்ணி வர்ற நாள் இல்ல. மனுஷன் இன்னா செஞ்சாரு தெரியுமா? உங்க வீட்டுத் தொட்டியில இருந்த தண்ணிய எடுத்து, சைக்கிள்ல குடம் குடமா கட்டி அனுப்பினாரு. அன்னிக்கு நீங்கல்லாம் குளிச்சிருக்க மாட்டீங்க."

"ஆமா, குளிக்கல" என்றாள் எப்சி.

"நீ இருக்கியே, அதான் எங்களுக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டுப் பூவம்மாள் வேனைப் பிடிக்க ஓடினாள்.

*

பூசை முடிந்து மண்டபத்துக்குள் நுழைந்தபோது நாற்காலிகள் போதவில்லை. நடுத் தெரு ஆட்கள் பள்ளியிலிருந்து பெஞ்சு தூக்கி வந்து போட்டார்கள். மேடையில் அப்பாவின் படம். சட்டைப் பையில் பேனாவோடு அவர் எப்போதும் செருகி வைத்திருக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கருவியின் தலை படத்திலும் எட்டிப் பார்த்தது.

அண்ணன் ஷாஜின் ஓசூரிலிருந்து காலையில்தான் வந்திருந்தான். இரவு ஷிஃப்டுக்குத் திரும்ப வேண்டும். எப்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ இங்க இருக்க. அதனால அம்மாவ நெனச்சி எனக்குக் கவலயே இல்ல" என்றான். அன்பாகத்தான் சொன்னான்.

ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். அம்பரீன் என்ற பெண், இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், தன்னைப் படிக்க அனுப்ப அப்பாவைச் சம்மதிக்க வைக்கச் சார் ஆறு முறை வீட்டுக்கு வந்ததைச் சொன்னாள். தோல் பதனிடும் ஷாப்பில் கை நசுங்கிய ஒருவர், இழப்பீட்டுக்காகச் சார் எழுதிக் கொடுத்த மனுக்களின் நகல்களை ஒரு பையில் கொண்டு வந்திருந்தார். பேச வராமல் பையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கினார்.

கடைசியாக ஷபீ அஹமது எழுந்தார். ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தவர். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும் குரல். இன்று அது தழுதழுத்தது.

"என் தோஸ்த் ஒரு நாளும் முழு டம்ளர் டீ குடிச்சி நான் பாத்ததில்ல. பாதி குடிச்சி வெச்சிடுவாரு. ஏன் சார்னு கேட்டேன். 'பாய், இன்னும் நாலு வீடு போகணும். அங்கயும் குடுப்பாங்க. வேணாம்னு சொன்னா அவங்க மனசு சங்கடப்படும்'னாரு. அப்படி ஒரு மனுஷன்."

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அவர் எடத்துக்கு யாருன்னு நாம எல்லாரும் பேஜாராகி நின்னோம். அல்லா வழி காட்டிட்டான். இன்னிக்கி ஒரு நல்ல சேதி சொல்றேன். நம்ம எப்சி சங்கச் செயலாளரா இருக்க ஒத்துக்கிட்டா! தண்ணி முறை, மனு வேலை, எல்லாம் இனிமே எப்சிதான். எழுந்து வாம்மா!"

கைதட்டல் கூரையில் மோதித் திரும்பியது.

எப்சிக்குக் காது அடைத்தது. யார் ஒத்துக்கொண்டது? எப்போது? முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். ஆக்னஸ் மடியிலிருந்த ஜெபமாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

ஷாஜின் அவள் முழங்கையைத் தொட்டு, "போ எப்சி, கூப்பிடறாங்க" என்றான்.

மேடை ஏறினாள். ஜரிகை போட்ட சால்வையை இரண்டு பேர் பிடித்து அவள் தோளில் சுற்றினார்கள். ஏப்ரல் மாத வெயிலில் அது கழுத்தை அறுத்தது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எதிரே நானூறு முகங்கள். அப்பாவுக்காக அழுது சிவந்திருந்த கண்கள் எல்லாம் இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தன.

இப்போதே சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். நான் போகிறேன்.

"எல்லாருக்கும்..." என்று ஆரம்பித்தாள். "எல்லாருக்கும் நன்றி."

மறுபடியும் கைதட்டினார்கள். அவள் சம்மதித்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம்.

*

பிரியாணி டேக்சாக்கள் திறந்ததும் கூட்டம் பந்திக்கு நகர்ந்தது. எப்சி கத்திரிக்காய்த் தொக்கு வாளியோடு போய்க்கொண்டிருந்தபோது ஷபீ அஹமது அவளை ஓரமாக நிறுத்தினார்.

"அசந்துட்டியாம்மா? உங்கம்மாதான் முந்தாநாள் வீட்டுக்கு வந்து சொன்னாங்க. 'எப்சிக்கு ஆசதான், கூச்சத்துல வாய் தொறக்க மாட்டா. நீங்களே கூட்டத்துல சொல்லிடுங்க'ன்னாங்க. எனக்கு சந்தோஷம் தாங்கல."

"அம்மாவா சொன்னாங்க?"

"ஆமா. அப்புறம், அந்தக் கவரு பத்திரமா இருக்குன்னு டீச்சர்கிட்ட சொல்லு. வீட்டுப் பத்திரம்னு குடுத்தாங்க. ஒட்டிதான் இருக்கு, நான் பிரிக்கல. பீரோல வெச்சி பூட்டிட்டேன்."

எப்சி வாளியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். வெயிலில் வேகமாக நடந்து வீட்டுக்கு வந்தாள். அலமாரியைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு அடியில் தான் ஒளித்து வைத்ததைக் கையை விட்டுத் துழாவினாள். ஒவ்வொரு புடவையாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். அடித்தட்டில் விரித்திருந்த காகிதத்தையும் உருவினாள்.

பாஸ்போர்ட் இல்லை.

"அங்க இல்ல" என்றது அம்மாவின் குரல். ஆக்னஸ் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றிருந்தார். நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. "நான்தான் எடுத்தேன்."

"எப்ப பாத்தீங்க?"

"பத்து நாளாச்சு. பூசைக்குக் கட்டப் புடவை எடுக்கும்போது கைல பட்டுச்சு. டிக்கெட்டையும் பாத்தேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"நீ என்கிட்ட சொன்னியா?"

அப்பா சொல்வதாகச் சொன்னார் என்று இப்போது சொன்னால், அதுவும் அம்மாவுக்கு இன்னொரு அடிதான்.

"அதுக்காக ஊரையே கூப்பிட்டு வெச்சி சால்வை போடுவீங்களா? என்னைப் பாத்து இருன்னு நேரா சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொன்னா இருப்பியா?" ஆக்னஸ் கட்டிலில் கிடந்த புடவைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். "நான் இருன்னா நீ இருக்க மாட்ட எப்சி. அழுவ, சமாதானம் பண்ணுவ, போய்டுவ. ஆனா தெரு இருன்னா இருப்ப. அவர் பொண்ணுதானே நீ."

எப்சி அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கிக் காலைல நெஞ்சு கரிக்குதுன்னார்," என்றார் ஆக்னஸ், மெதுவாக. இதுவரை அவர் யாரிடமும் சொல்லாதது. "வேர்த்து ஊத்திச்சு. டாக்டர்கிட்ட போலாங்கன்னு செருப்பைக்கூட போட்டுட்டேன். பெல்லு அடிச்சுது. 'நாப்பது நிமிஷம், வந்துடறேன் ஆக்னஸ்'னார். நான் போகாதீங்கன்னு சொல்லல. எத்தனையோ வருஷமா சொல்லிப் பாத்து, விட்டுட்டேன். அன்னிக்கும் விட்டுட்டேன். வால்வுகிட்டயே விழுந்துட்டார்."

"அம்மா..."

"எனக்கு இந்தத் தெரு மேல எவ்ளோ கோபம் தெரியுமா? காலைல பெல்லு அடிக்கும்போதெல்லாம் ஒடம்பு நடுங்குது. ஆனா உன்னைப் பிடிச்சி வெக்கணும்னதும் அவங்ககிட்டதான் போய் நின்னேன். வேற யார் இருக்காங்க எனக்கு? ஷாஜின் சாயங்காலம் பஸ் ஏறிடுவான். நீயும் போய்ட்டா, பெல்லு அடிச்சா நான் தனியா போய்க் கதவத் தொறந்து என்ன சொல்லுவேன்?"

எப்சி அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். ஆக்னஸ் கையை உருவிக்கொள்ளவில்லை. இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

"பாய் மாமாகிட்ட போய் வாங்கிட்டு வரேன்" என்றாள் எப்சி.

"குடுக்க மாட்டார். இப்பதான் ஊர் முன்னாடி பேர் சொல்லியிருக்கார். எதுக்குன்னு கேப்பார். நீ சொல்லணும். உன்னால முடியுமா பாரு."

அதில் சவால் இல்லை. தெரிந்த ஒன்றைச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னார்.

*

ஷபீ அஹமதுவின் மனைவி ரஃபத் ஜஹான் கதவைத் திறந்ததும், "வாம்மா செயலாளரம்மா!" என்று கன்னத்தை வழித்து முத்தமிட்டார். ஷபீ அஹமது சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். கூட்டத்தில் அழுத களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

எப்சி நின்றுகொண்டே பேசினாள். உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் பேச்சு மாறும், தைரியம் போய்விடும்.

"மாமா, அந்தக் கவர்ல வீட்டுப் பத்திரம் இல்ல. என் பாஸ்போர்ட் இருக்கு. நான் அயர்லாந்துக்குப் போறேன், வேலைக்கி. பதினேழு நாள்ல ஃபிளைட். செயலாளரா இருக்கேன்னு நான் சொல்லவே இல்ல."

சொல்லி முடித்ததும் கையை நீட்டினாள்.

ரஃபத் ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஷபீ அஹமது எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. கவரோடு வந்தார். ஆனால் நீட்டவில்லை.

"நீ போய்ட்டா இன்னா ஆகும் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"மொதல்ல மோட்டார் போடறது என் பையன்தான். காலைல நடந்தது எனக்கும் தெரியும். நான் உள்ளதான் இருந்தேன். வெளிய வரல." அவர் குரல் இறங்கியது. "நான் சொன்னா அவன் கேக்க மாட்டான். கேக்கலன்னா எனக்கு அசிங்கம். அதனால நான் சொல்றதே இல்ல. உங்கப்பா சொன்னா கேப்பான். இப்ப நீ சொன்னா கேக்கறான். தலைவருன்னு பேரு எனக்கு. பாரத்த ஃபுல்லா உங்க வீட்டு மேல ஏத்திட்டேன்."

எப்சிக்குப் பூவம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. நாலு குடம். ஏழு மணி வேன். ஒரு நிமிஷம், கவரை வாங்காமலே திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். அதுதான் சுலபம். அம்மா அழ மாட்டார், சத்தார் மோட்டார் போட மாட்டான், எல்லோருக்கும் நிம்மதி. அப்பா இந்த இடத்தில் நின்றிருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

"உன்னைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு," என்றார் ஷபீ அஹமது. "டீச்சர் சொன்னாங்க, போதும்னு நெனச்சேன். பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட உங்கப்பாவையும் கேட்டதில்ல. சார், உங்களால முடியுதா, ஒடம்பு நல்லாருக்கான்னு. பெல்லு அடிப்போம், வருவாரு. அவ்ளோதான்."

கவரை அவள் கையில் வைத்தார்.

"போய்ட்டு வா. ஆனா ஒண்ணு. இத நான் சொல்ல மாட்டேன். புதன்கிழமை தண்ணி வரும். மூணு தெருவும் அங்க நிக்கும். நீயே சொல்லிடு. நான் சொன்னா டீச்சர் வந்து சொன்னதும் வெளிய வரும், அவங்களத்தான் எல்லாரும் திட்டுவாங்க."

எப்சி தலையாட்டினாள். கவரை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள். தெருமுனைச் சாவடிக்கு வந்ததும்தான் அழுகை வந்தது.

*

வீட்டில் ஷாஜின் கிளம்பிப் போயிருந்தான். மண்டபத்திலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்த பிரியாணியை ஆக்னஸ் சூடு பண்ணித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். கட்டிலில் இறைந்து கிடந்த புடவைகள் மடித்து உள்ளே போயிருந்தன.

"குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டார்."

"நீ சொல்லிட்டியா? நீயேவா?"

"நானேதான்."

ஆக்னஸ் மகளை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். பார்த்துப் பழகிய முகத்தில் புதிதாக எதையோ கண்டதுபோல. பிறகு தட்டை மேசையில் வைத்தார்.

"மத்தியானம் நீ சாப்பிடல. சாப்பிடு."

எப்சி உட்கார்ந்தாள். இரண்டு கவளம் இறங்கியது.

"புதன்கிழமை தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லணும்மா. நீங்களும் கூட வந்து நிக்கறீங்களா?"

ஆக்னஸ் சொம்பிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். தம்ளர் நிறைந்தும் சொம்பை உடனே நிமிர்த்தவில்லை.

"பாஸ்போர்ட்ட எடுத்தது தப்புதான். ஆனா வந்து நிக்க மாட்டேன் எப்சி. நீ போறத என்னால நல்லதுன்னு நெனைக்க முடியல. நெனைக்கிற மாதிரி நடிச்சிட்டு உன் பக்கத்துல நிக்கவும் முடியாது. இத்தன வருஷம் அந்த மாதிரி நின்னுட்டேன், உங்கப்பா பக்கத்துல."

சொல்லிவிட்டு, ஈரமான மேசையை முந்தானையால் துடைத்தார். எப்சி அடுத்த கவளத்தைப் பிசைந்தபடி இருந்தாள். புதன்கிழமைக்கு நடுவில் மூன்று நாள் இருந்தது.